எதிர்நீச்சல் முடிந்த பிறகு உங்கள் வீட்டில் என்ன பார்த்தீர்கள்?

தாமான் வீட்டு மகள்:

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு சீரியல்தான் துணை. சன் டிவியின் எதிர்நீச்சலை எப்படிப் பார்த்தார் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில், அதில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையலே நடக்கவில்லை. வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்ததும், "நல்லாத்தான் நடிக்கிறாரு, ஆனா குணசேகரன் போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே கடைசி வரை பார்த்தார். 2024 ஜூனில் அதுவும் முடிந்தது.

சரி, வேறு ஒன்று போட்டுக் கொடுப்போம் என்று புதுத் தொடர் ஒன்றின் முதல் பகுதியைப் போட்டேன். கல்யாண வீடு, கூடம் நிறைய ஆட்கள். அம்மா "இது யாரு மகள்? அந்தக் கண்ணாடி போட்டவரு யாருக்கு அண்ணன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், எனக்கும் தெரியவில்லை. பாதியில் அவரே ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, "இவங்க வீட்டில எனக்கு யாரையும் தெரியாதும்மா" என்று எழுந்து போய்விட்டார். கோபமே இல்லாமல் சொன்னார், அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. டிசம்பரில் "எதிர்நீச்சல் தொடர்கிறது" என்று இரண்டாம் பாகம் வந்தபோது நம்பிக்கையோடு உட்கார்ந்தார், கதாநாயகி ஜனனியாக வேறு பெண் வந்து நின்றதும் அதையும் விட்டுவிட்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படி அடுத்ததற்குப் போனார்கள்? சொல்லுங்கள்.

பழைய கேசட்:

தங்கச்சி, கதையைப் பார்த்துத் தொடர் தேடினால் கிடைக்காது, இயக்குநரைப் பார்த்துத் தேட வேண்டும். என் மனைவிக்கு இதே நிலைமை வந்தது, கோலங்கள் தொடரைப் போட்டேன், சரியாகிவிட்டது. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் ஏன் சரியானது என்பதைச் சொல்ல வேண்டும். எதிர்நீச்சலை எடுத்த திருச்செல்வம்தான் கோலங்களையும் எடுத்தவர். 2003-இல் ஆரம்பித்து 2009 வரை ஓடியது, 1500 பகுதிக்கு மேல். அதில் தொல்காப்பியனாக நடித்ததும் அவரேதான். அபி என்ற பெண், தேவயானி, கட்டடத் தொழில் செய்து சொந்தக் காலில் நிற்கப் பார்க்கிறாள், அவளை நசுக்குவதே வேலையாக ஒருவன் இருக்கிறான், அவன் பெயர் ஆதி. இருபது வருடம் கழித்து அதே இயக்குநர் இன்னொரு ஆதியைக் கொண்டுவந்து ஒரு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் அவனுக்கு எதிராக நிறுத்தினார், அதுதான் ஆதி குணசேகரன். மனிதருக்கு இந்த ஒரு கேள்வி விடவே இல்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அதைப் பெண் எப்படிப் பிடுங்குவாள் என்ற கேள்வி. உங்கள் அம்மாவுக்குப் பிடித்தது அதுதான், நடிகர்கள் இல்லை. அதனால் வசனம் எழுதியவர் யார், இயக்கியவர் யார் என்று முதலில் பாருங்கள், பிறகு அவருடைய பழைய வேலையைத் தேடுங்கள். மெட்டி ஒலி பிடித்தவர்களுக்கு நாதஸ்வரம் பிடிக்கும், இரண்டும் திருமுருகன். ஆங்கிலத்தில் பிரேக்கிங் பேட் பார்த்தவர்கள் பெட்டர் கால் சால் பார்க்கலாம், இரண்டிலும் வின்ஸ் கில்லிகன் இருக்கிறார். இந்த வழி எந்த மொழிக்கும் பொருந்தும். முடிந்துபோன தொடரையே எடுங்கள், ஓடிக்கொண்டிருக்கிற தொடரில் நடிகர் மாறுவார், கதை மாறும், நேரம் மாறும். முடிந்த தொடர் யாருக்காகவும் மாறாது.

வேலிக்கு இந்தப் பக்கம்:

பழைய கேசட் அண்ணே, எழுபது வயது அம்மாவுக்கு 1500 பகுதியா? மன்னிக்கணும், இது எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு "நடிகர்கள் இல்லை" என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், அந்த அம்மா மாரிமுத்துவுக்காகச் சமைக்காமல் இருந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. 2009-இல் ஆனந்தம் தொடர் முடிந்தது. நானும் அத்தையும்தான் பார்ப்போம், முடிந்ததும் இரண்டு பேருக்கும் சாயங்காலத்தில் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டு காக் (மலாய்க்கார அக்கா), மில்லில் என்னோடு வேலை பார்த்தவர், துணி காயப்போடும்போது வேலியோரம் நின்று, டிவி மூன்றில் நூர் காசே என்று ஒரு நாடகம் வருகிறது, பார் என்றார். மலாய் நாடகம் அத்தைக்குப் புரியுமா என்று கேட்டேன். அவர் உடனே ஆரம்பித்துவிட்டார். அப்பா ஒரு உஸ்தாஸ் (சமய ஆசிரியர்), பிள்ளைகள் ஆடம், அய்டில், இரண்டு பேர் மனதிலும் நூர் அமினா என்ற ஒரே பெண், நல்ல பையன் காத்திருக்க, ஊதாரிப் பையனுக்குக் கட்டி வைத்துவிடுகிறார்கள். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று விரல் விட்டு அவர் சொன்ன விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அத்தை வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "அடப்பாவி, மூத்தவனுக்குத் தெரியுமா அது?" என்று கேட்டுவிட்டார். முதல் பகுதியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அத்தை அந்த வீட்டுக்குள் போய்விட்டார்.

கபீர் பாட்டியா இயக்கியது, வாரம் ஒரு முறை, 26 பகுதிதான். ஒவ்வொரு வாரமும் மறுநாள் காலையில் வேலியோரம் மூன்று பேரும் நிற்போம். இயக்குநர் பெயரே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும், அண்ணே.

தாமான் மகளே, அம்மாவைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். கதை தெரிந்த ஒருவர் முதல் பகுதிக்காவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

பழைய கேசட்:

நான் அபிப்பிராயம்தான் சொன்னேன். முழுவதையும் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது?

லிந்தாங் பையன்:

நான் எழுத நினைத்தது என் பாட்டியைப் பற்றி. முதலில் ஒரு வார்த்தை: நீளமான தொடர் முடிந்த கையோடு இன்னொரு நீளமான தொடர் வேண்டாம். பெட்டர் கால் சாலை நானும் ஆரம்பித்தேன், பிரேக்கிங் பேட் முடித்த அதே ராத்திரி, ஒவ்வொரு காட்சியிலும் அதன் நாயகன் வால்டர் வருவாரா என்று தேடிக்கொண்டிருந்தேன், நிறுத்திவிட்டேன். பல மாதம் கழித்துப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு நல்ல தொடர் என்று தெரிந்தது.

பாட்டி விஷயம். அவருக்கும் எதிர்நீச்சல்தான். முடிந்து சில வாரம் எதுவும் பார்க்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஒரு விடுமுறைக்கு ஈப்போவில் இருந்து வந்தபோது அயலி போட்டேன். ஸீ ஃபைவில் 2023-இல் வந்தது, முத்துக்குமார் இயக்கியது, மொத்தம் எட்டுப் பகுதி. வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் உடனே கட்டிக் கொடுக்கிற ஒரு கிராமம். தமிழ்ச்செல்வி என்ற மாணவிக்கு டாக்டராக ஆசை, அதனால் வயதுக்கு வந்ததையே ஊரிடம் மறைத்துவிடுகிறாள்.

பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் தம்பிகளைப் பார்த்துக்கொள்வது, அப்புறம் பால் சுமக்கும் காண்டா வாளி. இதை அவர் எப்போதும் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. அந்தப் பெண் மறைக்கிற இடம் வந்தது. பாட்டி கால் நீட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், கை நின்றுவிட்டது. திரையைப் பார்த்தபடியே, "மறைச்சிருக்கலாம்ல. எங்கள்ல ஒருத்திக்கும் தோணலையே" என்றார்.

நான் தொடரை நிறுத்தட்டுமா என்று கேட்டேன், "போடு போடு, அவ என்ன பண்றான்னு பாக்கணும்" என்றார். எட்டையும் இரண்டு ராத்திரியில் முடித்தோம். பிறகு அவருடைய பழைய சிநேகிதி, லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர், அவருக்குப் போன் போட்டு முழுக்கதையையும் சொன்னார். அந்தப் பாட்டியும் அதே வயதில் நிறுத்தப்பட்டவர். அவர்கள் இரண்டு பேரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அதற்கு முன் தொடர் என்றால் பொழுதுபோக்கு. யாருக்கு எதைப் போடுகிறோம் என்று இப்போது கொஞ்சம் யோசித்துத்தான் போடுகிறேன்.

சரோவின் தங்கை:

எல்லாரும் புதுசு புதுசு என்கிறீர்கள், ஏன் புதுசு வேண்டும்? பழையதையே திரும்பப் பார்க்கலாமே. 2020-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது சன் டிவி மெட்டி ஒலியை மறுபடியும் போட்டது. 2002-இல் வந்த தொடர். என் அம்மாவும் பெரியம்மாவும் வேறு வேறு தோட்டம், பார்க்கவும் போக முடியாது, போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள். சரோவை மாமியார் படுத்துகிற பாட்டை அவள் புருஷன் மாணிக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான் பாருங்கள், அப்போது பெரியம்மா போனில், "எழுந்திருடா! வாயைத் திறடா!" என்று கத்தினார். அவன் வாயைத் திறக்க மாட்டான் என்று பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும், ஒரு முறை முழுசாகப் பார்த்தவர். இருந்தும் கத்தினார். எங்கள் வீட்டு நாய் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

பெரியம்மா இப்போது இல்லை. அந்தக் குரலுக்காகவே நான் அந்தப் பகுதியை மறுபடியும் போடுவேன்.

பழைய கேசட் அண்ணன் திருமுருகனை ஒரே வரியில் கடந்துவிட்டார், அதுவும் எனக்கு வருத்தம். நாதஸ்வரத்தின் ஆயிரமாவது பகுதியை 2014 மார்ச்சில் நேரலையாக, ஒரே ஷாட்டில், வெட்டே இல்லாமல் எடுத்து கின்னஸ் சாதனை வாங்கினார்கள். ஒரு நடிகர் வசனம் மறந்திருந்தால் ஊரே பார்த்திருக்கும். மெட்டி ஒலி பார்த்தவர்கள் அதில் கோபியைப் பார்த்ததும் பழைய ஆளைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள், இரண்டிலும் பெயர் கோபி, நடித்ததும் திருமுருகனேதான். தாமான் அக்கா, உங்கள் அம்மாவுக்கு யாரையும் தெரியாது என்றுதானே பிரச்சினை, அங்கே ஒருவரையாவது தெரியும்.

தாமான் வீட்டு மகள்:

எல்லாருக்கும் நன்றி. லிந்தாங் தம்பி, உன் பாட்டி சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை. அயலியை அம்மாவுக்குப் போட எனக்குக் கொஞ்சம் தயக்கம், அவரும் அப்படி நிறுத்தப்பட்டவர்தான். முதலில் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு மெட்டி ஒலி போட்டிருக்கிறேன். அதில் வரும் அக்கா தங்கைகளில் பவானி எந்த நம்பர் பெண் என்று இரண்டு பேருக்கும் சண்டை. அது நல்ல அறிகுறிதான் என்று நினைக்கிறேன்.

உள்தோட்டம்:

தாமதமாக வந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாம் போட்டேன் போட்டேன் என்கிறீர்கள், எங்கள் தோட்டத்தில் லைன் சரியாகக் கிடைக்காது. செம்பனைக்கு நடுவில் ஒரு மேட்டில் போய் நின்றால் ஒரு கோடு வரும். டவுனுக்குப் போகும்போது மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒரு தே ஓ, பால் இல்லாத டீ, வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் வைஃபையில் போனுக்கு இறக்கிக்கொண்டு வருவேன். அப்பாவுக்கு அப்படித்தான் சுழல் தொடரைக் காட்டினேன். 2022-இல் அமேசான் பிரைமில் வந்தது, புஷ்கர் காயத்ரி எழுதியது, அதுவும் எட்டுப் பகுதி. சிமெண்ட் ஆலை, வேலை நிறுத்தம், ஆலை எரிகிறது, அதே ராத்திரி சங்கத் தலைவர் மகளைக் காணவில்லை. மயானக் கொள்ளைத் திருவிழா வேறு நடக்கிறது. அப்பா தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர், சீரியல் என்றாலே எழுந்து போகிறவர், சங்கத் தலைவராக வரும் பார்த்திபன் தொழிலாளர்கள் முன்னால் நிற்பதைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசிப் பகுதி முழுதாக இறங்கவில்லை. பாதியில் நின்றுவிட்டது, மறுபடி டவுனுக்குப் போக வார இறுதி ஆகும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, படுத்துவிட்டார். விடிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கூப்பிடுவது) முன்னால் டீ குடிக்கிற இடத்தில் பார்த்தால், மண்டோரும் (மேற்பார்வையாளர்) இன்னும் நாலு பேரும் சுற்றி நிற்க, அப்பா சுழல் கதையை முடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். யார் செய்தது, ஏன் செய்தார், சங்கம் பிறகு என்ன செய்தது எல்லாம் அவரே கட்டியது. ஒரு ஆள் "அப்போ அந்தப் போலீஸ் பையன்?" என்று கேட்க, அதற்கும் பதில் வைத்திருந்தார்.

வார இறுதியில் உண்மையான முடிவைக் கொண்டுவந்து காட்டினேன். கடைசி வரை பார்த்துவிட்டு, "இதுவும் சரிதான். ஆனா சங்கத்தை இவ்வளவு லேசா விட்டிருக்கக் கூடாது" என்றார். மறுநாள் அவர்களிடம் தன் முடிவை மாற்றிச் சொல்லவில்லை. 2025-இல் இரண்டாம் பாகம் வந்ததைச் சொன்னேன், இறக்கிக்கொண்டு வா என்றார். இந்த முறை போனில் இடம் போதவில்லை, பழைய படங்களை அழித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய மெமரி கார்டு டவுனில் எந்தக் கடையில் நம்பி வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாப்பது வெள்ளிக்குள் இருந்தால் நல்லது.