புதுப்பிப்பு: ஏற்காட்டுப் பாறையில் கை ஊன்றி ஏறிய கதை

போன மாதம் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஏற்காடு பக்கம் ஒரு பாறைச் சரிவில் கையும் காலும் ஊன்றி ஏறினோம், அது வெறும் மலையேற்றமா, க்ளைம்பிங்கா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய் வந்தோம்.

நீங்கள் சொன்னதுதான் சரி, அது ஸ்க்ராம்ப்ளிங். கை வைக்காமல் ஏற முடியாது, ஆனால் கயிறு கட்டும் அளவுக்குச் செங்குத்தும் இல்லை. ஏறும் வழி எவ்வளவு கடினம் என்று பிரிக்கும் அமெரிக்கத் தர வரிசையில் 3, 4-ஆம் வகுப்புகள் இப்படி. 5-இல்தான் கயிற்றோடு ஏறும் க்ளைம்பிங் தொடங்குகிறது.

ஒரு நேரத்தில் ஒரு கை அல்லது ஒரு காலை மட்டும் நகர்த்து, மற்ற மூன்றும் பாறையிலேயே இருக்கட்டும் என்று மாமா கீழிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். ஏறும்போது சிரமமில்லை. இறங்கும்போதுதான் பயந்துவிட்டேன். பனிமூட்டத்தில் பாறைப்பாசி நனைந்து, வலது கால் ஒரு சாண் வழுக்கியது. அப்புறம் பாறையைப் பார்த்தபடி திரும்பி, காலால் துழாவித் துழாவி இறங்கினேன். ஈரமாக இருந்தால் இனி ஏறவே மாட்டேன், நீங்களும் ஏறாதீர்கள்.

பனிச்சறுக்கு மலையேற்றம், அதாவது சறுக்குப் பலகையோடு பனிமலையில் ஏறுவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சறுக்குப் பலகையின் அடியில் ஒரே பக்கம் சாய்ந்த மயிருள்ள பட்டையை ஒட்டுவார்கள். அது முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். உச்சியில் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள். அதற்கு நாம் இமயமலைக்குத்தான் போக வேண்டும்.

ஏற்காட்டு மலை உச்சியிலுள்ள சேர்வராயன் கோயில் வரை வண்டியே போகிறது. இருந்தாலும் கையால் தொட்டு ஏறிய அந்த முப்பது அடிதான் எனக்கு மலை.