லெவிட்டேஷனுக்குத் தமிழில் என்ன?

கோபியிலிருந்து:
அன்பர்களே, பாலிடெக்னிக் இயற்பியல் பாடத்தைத் தமிழில் முடித்து வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மீகடத்திக்கு (சூப்பர் கண்டக்டர்) மேலே காந்தம் எதையும் தொடாமல் நிற்கிறதே, அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். லெவிட்டேஷனை ‘மிதத்தல்’ என்றேன். "தண்ணீர் எங்கே டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். ‘காந்தத் தூக்கல்’ என்றால் ரசத்தில் உப்பு தூக்கல் என்பதுபோல் இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து:
அம்மணி, வேரைப் பிடியுங்கள். லத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் கனமில்லாதது, இலேசானது. கிராவிட்டேஷனுக்கு எதிராக, அதே வார்ப்பில், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தார் இதை ஆக்கிக்கொண்டார்கள். வடமொழி ‘லகு’ அதற்கு உறவு. எட்டுச் சித்திகளில் உடலை இலேசாக்கும் இலகிமா அந்த வழி வந்ததுதான். தமிழில் அதற்கு ‘நொய்’ இருக்கிறது: நொய்ய பஞ்சு, நொய்யரிசி. நம் நொய்யல் ஆறே அதில் பிறந்தது என்பது என் கட்சி. ‘நொய்தெழல்’ என்று வையுங்கள்.

திருப்பூரிலிருந்து:
நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்றும் பெயர் உண்டே, புலவர் ஐயா. அதற்கு எந்த வேர்? எங்கள் ஊர்ச் சாயம் கலந்து ஓடிய தண்ணீரை நொய்யது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஈரோட்டிலிருந்து:
ஆற்றை விடுங்கள். 1997இல் நெதர்லாந்தில் ஏறத்தாழ 16 டெஸ்லா காந்தப்புலத்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார்கள். அதன் எடை ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. காந்தவிசை மேலே தள்ளியது, எடை கீழே இழுத்தது, இரண்டும் சமம். நொய்தெழல் என்றால் எடை குறைந்ததால் எழுந்தது என்றல்லவா மாணவன் படிப்பான்? மேலும், கிராவிட்டேஷனுக்கு வேரான லத்தீன் ‘கிராவிஸ்’ என்றால் கனமானது. அதற்காக அதைத் தமிழில் கனம் என்றா சொன்னோம்? ஈர்ப்பு என்றோம். அங்கேயே லத்தீன் ஜோடி பிரிந்துவிட்டது.

பொள்ளாச்சியிலிருந்து:
சொல்லைத் தராசில் வைத்தா வாங்குகிறோம்? அகநானூறு 86இல் ‘மிதவை’ என்றால் கல்யாண வீட்டு உளுந்தங்களி. இன்று அதே சொல் தண்ணீரில் மிதக்கவில்லையா? பழகினால் எதுவும் விளங்கும்.

திருப்பூரிலிருந்து:
கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்தால் அந்தக் களியும் தொண்டையில் தொடாமல்தான் இறங்கும்.

பவானியிலிருந்து:
‘அந்தரத்தில் நிற்கிறது’ என்றால் என் பாட்டிக்கும் புரியும். ‘அந்தர நிலை’ போதுமே.

பொள்ளாச்சியிலிருந்து:
அந்தரம் வடசொல்.

பவானியிலிருந்து:
இலகிமாவைக் கூட்டி வந்தது யார் ஐயா?

ஈரோட்டிலிருந்து:
அந்தரம் சரி, நிலை வேண்டாம். பிறவினைக்கு என்ன செய்வீர்கள்? ஷாங்காயில் மணிக்கு 431 கிலோமீட்டர் வரை ஓடிய காந்த ரயிலை ‘அந்தரத்தில் நிறுத்தினார்கள்’ என்று எழுதினால், பயணிகளின் கதி என்ன என்று கேட்பார்கள். மிதப்பு என்றால் மிதக்கவிடு, மிதக்கவைத்தார்கள் என்றெல்லாம் வளைக்கலாம்.

கோபியிலிருந்து:
மணி பதினொன்று. நாளை வெள்ளி. ‘அந்தர மிதப்பு’ என்று போட்டுவிட்டேன். பையன் மறுபடி தண்ணீர் கேட்டால் அந்தரத்தைக் காட்டிக்கொள்கிறேன். மூவர் சரி என்றீர்கள். புலவர் ஐயா மன்னிக்க வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து:
மன்னித்தேன், ஒப்பவில்லை. ஓரத்தில் சிறிய எழுத்தில் நொய்தெழலையும் போடலாமே?

கோபியிலிருந்து:
ஓரத்தில் படம் வருகிறது ஐயா. தவளைப் படம்.

பவானியிலிருந்து:
சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?