புழக்கப்படி: மூலத்தைத் தொடாமல் படிக்கக் கொடுக்கும் படிக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

'சர்ரகேட்' (மூலத்துக்குப் பதிலாகப் படிக்கக் கொடுக்கும் படி) என்பதற்குத் தமிழ் தேடும் நம் இழையில் பதிலி, நிழற்படி, நகல், சேய்ப்படி எல்லாம் வந்துவிட்டன. மொழிபெயர்ப்புப் பொறியிடம் கேட்டால், வாடகைத்தாய் போல, 'வாடகைச் சுவடி' என்று வருகிறதாம். சென்னை நூலக அக்கா எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் வீடுகளில் கிடக்கும் சுவடிகளையும் பழைய அச்சுநூல்களையும் படமெடுத்துப் பட்டியலிடும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நானும் ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: புழக்கப்படி.

சொல்லுக்கு முன்னால் பொருள். படி எடுப்பது நமக்குப் புதிதில்லை. பனையோலையைப் பாடம் பண்ணி, எழுத்தாணியால் கீறி, மை தடவி எழுதிய ஏடு என்றைக்கும் இருக்காது. கரையான் அரிக்கும், இராமபாணப் பூச்சி துளைக்கும், ஓரம் ஒடியும். அதனால் பழசு நைந்ததும் புது ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். எழுதி முடித்ததும் பழசின் வேலை முடிந்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட சுவடிகளைப் பற்றி உ.வே.சா. வருந்தி எழுதியிருக்கிறார். அன்றைய படி மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மூலத்தை வெளியே அனுப்பியது. இன்று நாம் எடுக்கும் படி அதற்கு நேர் எதிரான வேலை பார்க்கிறது. வாசகர் படியைப் பார்த்துக்கொள்வார், மூலம் பெட்டியில் கைபடாமல் கிடக்கும். இந்த வேலை புதிது. 'படி', 'பிரதி' என்று மட்டும் சொன்னால் அது விளங்காது.

எங்கள் கரையில் இது இன்னும் அவசரமான விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசத் தொடங்கினால் வீட்டுக்குள் எல்லாம் பிசுபிசுக்கும். காற்றில் வரும் உப்பு ஏட்டின் மேலும் தாளின் மேலும் படிந்து, பிறகு அந்த உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். இரும்பு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்தோம் என்பார்கள். துருக்கறை ஏறிய தாள்தான் வெளியே வரும். ஓலையாவது வசம்பு முடிச்சு, எலுமிச்சைப்புல் எண்ணெய் என்று கொஞ்சம் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பரவிய மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குகிறது. முந்நூறு வருட ஓலையைப் புரட்டிவிடலாம், நூற்றிருபது வருட அச்சுப்புத்தகத்தைப் புரட்டத்தான் பயம். (இராமநாதபுரத்து ஏட்டைத் தின்னும் பூச்சிக்கு இராமபாணம் என்று பேர் வைத்தவர் குசும்புக்காரர்தான்.)

இனி மற்றச் சொற்கள். 'நிழற்படி'யை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டது. 'நகல்' தாலுகா அலுவலகத்துச் சொல்லாகிவிட்டது. பட்டா நகல், பத்திர நகல் என்று கேட்டுப் பழகிய ஊரில், சுவடிக்கு நகல் எடுக்கிறோம் என்று சொன்னால் வீட்டுக்காரர் முகம் மாறுகிறது. சொத்து விவகாரமோ என்று சந்தேகம்! 'பதிலி' நல்ல சொல், ஆனால் கணினிக்காரர்கள் 'பிராக்ஸி'க்கு வைத்துவிட்டார்கள். அது போக, எதற்குப் பதில் என்று சொல்கிறதே ஒழிய எதற்காக என்று சொல்லவில்லை.

'தாய்ப்படி, சேய்ப்படி' இணையைப் பரமக்குடி ஐயா முன்மொழிந்திருந்தார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஓர் ஏட்டைப் பார்த்து இன்னொரு ஏடு எழுதுவதற்குத்தான் அது பொருந்தும் என்பது என் எண்ணம். அங்கே எழுதுபவர் ஒரு சொல்லை விடுவார், ஒன்றைத் திருத்துவார், பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவது) பிறக்கும். பிள்ளைக்குத் தனி முகம் உண்டு. படமெடுத்த படிக்குத் தனி முகம் இருக்கக் கூடாது, இருந்தால் அது பிழை. அந்த இணையைப் பதிப்பாசிரியர்களுக்கே விட்டுவிடலாம், ஐயா.

'பார்வைப்படி' என்றும் ஒரு யோசனை வந்தது. நூலகங்களில் 'பார்வை நூல்' என்றால் வீட்டுக்குக் கொடுக்காமல் அங்கேயே வைத்துப் பார்க்கும் நூல். இரண்டும் ஒரே மேசையில் மோதும்.

புழக்கப்படி எப்படி வந்தது என்று கேட்டால் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. எங்கள் வீடுகளில் புழங்குகிற பாத்திரம் வேறு, பரணில் எடுத்து வைத்த பாத்திரம் வேறு. புழங்குவது அடிபடும், நசுங்கும், மாற்றிக்கொள்ளலாம். சுவடி வைத்திருக்கும் பெரியம்மா ஒருவரிடம் இப்படிச் சொன்னதும், 'அப்ப இத புழங்குங்க, அத எடுத்து வச்சிருவோம்' என்று அவரே முடித்துவிட்டார். கலைச்சொல்லுக்கு இதைவிட நல்ல தேர்வு வேறென்ன வேண்டும்?

இதற்கு இணையாகக் காப்புப்படி. படமெடுக்கும்போது அங்குலத்துக்கு 400 அல்லது 600 புள்ளி என்று வைத்து, வண்ண அட்டையும் அளவுகோலும் பக்கத்தில் வைத்து, சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமிப்பது காப்புப்படி. அதில் யாரும் கைவைக்கக் கூடாது. வெட்டுவதில்லை, வெளிச்சம் கூட்டுவதில்லை. அதிலிருந்து இறக்கி, சிறிதாக்கி, ஜேபெக்காகவோ பிடிஎஃப்பாகவோ வாசகருக்குக் கொடுப்பது புழக்கப்படி. இந்த இரண்டையும் 'மின்படி' என்ற ஒரே பேரில் போட்டுக் குழப்பியதன் பலனை நிறைய இடங்களில் பார்க்கலாம்: பெரிய கோப்பை அழித்துவிட்டு வாட்ஸப்பில் சுற்றிய கோப்பை மட்டும் வைத்திருப்பார்கள். காப்புப்படி ஒரே ஊரில் இருக்கக் கூடாது என்பதையும் வரையறையிலேயே சேர்க்கச் சொல்வேன். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் படி இல்லாதவை போனது போனதுதான். இந்தப் பக்கம் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போயிற்று.

அக்காவின் கேள்வி கடினமானது. அரபுத்தமிழ் நூலுக்கு என்ன செய்வது? கீழக்கரையில் அரபுத்தமிழ் அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) காலத்து எழுத்தும், கல்லில் எழுதி அச்சிட்ட கல்லச்சுப் புத்தகங்களும் இன்னும் வீடுகளில் உண்டு. மொழி தமிழ், எழுத்து அரபி. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்து செய்திருப்பார்கள். படத்தைக் கொடுத்தால் ஊரில் பெரியவர்கள் சிலர் வாசிப்பார்கள், பேரப்பிள்ளைகளுக்கு முடியாது. அப்படியென்றால் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுத்ததும் புழக்கப்படிதானா?

இல்லை என்பேன். அதற்குப் 'பெயர்ப்புப்படி' என்று தனிப்பேர் இருக்கட்டும். காரணம் ஓலையிலும் இதே சிக்கல் உண்டு. ஏட்டில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது; இந்தக் குறில் நெடிலைப் பிரித்துக் காட்ட வீரமாமுனிவர் செய்த மாற்றத்துக்குப் பிறகும் பல ஏடுகள் பழைய வழியிலேயே எழுதப்பட்டன. காலும் ('ா' குறி) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஏட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர் ஒவ்வொரு வரியிலும் ஒரு முடிவு எடுக்கிறார். அந்த முடிவை வாசகர் சரிபார்க்க வேண்டுமானால் பக்கத்தில் புழக்கப்படி இருந்தாக வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் பெயர்ப்பைக் கொடுத்துவிட்டுப் படத்தைக் கொடுக்காமல் விடுவதற்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். அது நடக்கவும் செய்கிறது.

வரப்போகும் ஆட்சேபணைகளையும் சொல்லிவிடுகிறேன். 'வழக்கப்படி' போல 'புழக்கப்படி' என்றால் 'புழக்கத்தின்படி' என்று பொருள்படாதா? படலாம். ஆனால் 'கையெழுத்துப்படி' இவ்வளவு காலமாக இருக்கிறதே, யாராவது 'கையெழுத்தின்படி' என்றா படிக்கிறார்கள்? வாக்கியம் பார்த்துக்கொள்ளும். 'புழக்கடை' நினைவுக்கு வருகிறது என்பார்கள். அது புழைக்கடை, வேறு கணக்கு. பேச்சு வாடை அடிக்கிறது, செந்தமிழாக இல்லை என்றும் ஐயா சொல்வார். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் எங்கள் சீமைக்காரர்தான் என்பதை நினைவூட்டுவதைத் தவிர எனக்கு வேறு வாதம் இல்லை. ஆனால் கேட்டதும் விளங்குகிற சொல்லை ஒதுக்கிவிட்டு அகராதியைப் புரட்ட வைக்கும் சொல்லைப் பிடித்துக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. சுவடியைத் தர வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு விளங்காத சொல் பட்டியலில் இருந்து என்ன ஆகப்போகிறது?

பட்டியல் அட்டையில் இப்படி எழுதிப் பார்த்தேன்: 'மூலம்: வீட்டார் பொறுப்பில், கையாள அனுமதி இல்லை. காப்புப்படி: உண்டு, இரண்டு இடங்களில். புழக்கப்படி: உண்டு. பெயர்ப்புப்படி: முதல் பன்னிரண்டு ஏடுகளுக்கு மட்டும்.' எனக்கு இடறவில்லை. மைக்ரோஃபிலிமில் எடுத்த பழைய தொகுப்புகள் கைவசம் இருப்பவர்கள் இதே அட்டையை நிரப்பிப் பாருங்கள். அந்தச் சுருள் பல இடங்களில் காப்புப்படியாகவும் இருக்கிறது, வாசகருக்கு ஓட்டிக்காட்டும் படியாகவும் இருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில் எனக்குத் தெளிவில்லை. அக்கா நூலகத்தில் எப்படிச் செய்கிறார்கள்?