ஷாவோலினுக்கு அடி சொல்லிக்கொடுத்தது போதிதர்மரா?

கம்புக்காரன்: பக்கத்து இழையில் ஒருவர் சீனாவின் ஷாவோலின் மடத்துக் குங்ஃபூ மொத்தமும் காஞ்சிபுரத்துச் சரக்கு, பௌத்தத் துறவி போதிதர்மர் எழுதிய யிச்சின் சிங் என்ற பயிற்சி நூலே சாட்சி என்று அடித்துவிட்டிருக்கிறார். எரிச்சல் தாங்கவில்லை. அந்த நூலில் நம்பக்கூடிய மிகப் பழைய தேதி 1624. அவரோ 5, 6-ஆம் நூற்றாண்டு ஆள். ஆயிரம் வருஷம் கழித்து எழுந்து வந்து எழுதினாரா?

காஞ்சிப்பல்லவன்: அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். சீனத் தளபதி லீ ஜிங் 628-இல் எழுதிய முன்னுரை அதில் இருக்கிறதே, அதை ஏன் விழுங்கினீர்கள்? தமிழன் என்றால்தான் சிலருக்கு ஆதாரம் கேட்கத் தோன்றும்.

கம்புக்காரன்: அந்த முன்னுரைப்படி லீ ஜிங் கையில் நூலைக் கொடுத்தது யார் தெரியுமா? சுருட்டைத்தாடி வீரர். சீனாவில் தாங் வம்ச காலத்துக் கதையில் வரும் கற்பனை ஆள் ஐயா அவர்! வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கொடுத்த ஓலை என்றாலும் நம்புவீர்கள் போல.

தேங்காய்ச்சில்: அண்ணே, குங்ஃபூ என்று இங்கே எதைச் சொல்கிறோம்? யிச்சின் சிங் தசைநாரை வலுவாக்கும் பயிற்சிதானே, சண்டை முறை இல்லையே?

காஞ்சிப்பல்லவன்: அதெல்லாம் அப்புறம். 628-க்குப் பதில் வரட்டும்.

கம்புக்காரன்: வந்தாச்சு. சுருட்டைத்தாடி. இன்னொன்று, 495 வாக்கில் ஷாவோலின் கட்டப்பட்டதே பாதுவோ என்ற இந்தியத் துறவிக்காகத்தான், அவருக்கு இங்கே ஒரு போஸ்டர்கூடக் கிடையாது. 621-இல் துறவிகள், பிறகு தாங் பேரரசரான லீ ஷிமின் பக்கம் போரிட்டதைக் கல்வெட்டே சொல்கிறது, போதிதர்மர் அடி பழக்கினார் என்று அதில் ஒரு வரி உண்டா? மிங் வம்ச காலத்தில் அங்கேயே தடி பழகி நூல் எழுதிய செங் சோங்யோவும் கின்னரர் என்ற பௌத்த தேவர் தந்த வித்தை என்கிறாரே ஒழிய இவர் பெயரைச் சொல்லவில்லை.

நாடோடி: 547-ஐ ஒட்டி எழுதிய யாங் சுவான்ஷி என்ற சீன எழுத்தாளர் போதிதர்மரைப் பாரசீகர் என்கிறார், வயது 150 என்றும் சேர்த்து. சும்மா சொல்லி வைத்தேன்.

காஞ்சிப்பல்லவன்: பாரசீகமா! அவர் சீடர் தன்லின் தென்னிந்திய அரசன் மகன் என்று எழுதியதைப் படிக்கவே மாட்டீர்களா?

நாடோடி: தென்னிந்தியா என்றுதான் எழுதினார். காஞ்சி நீங்கள் சேர்த்தது.

காஞ்சிப்பல்லவன்: கூட்டணியா? போன வருஷம் அடிமுறை இழையில் பதில் சொல்லாமல் ஓடியவர்கள்தானே நீங்கள் இரண்டு பேரும். கம்புக்காரர் சிலம்பம் மூன்று மாதம்கூட முழுசாகப் பழகவில்லை என்றும் கேள்வி.

கம்புக்காரன்: முழங்கால் அடிபட்டு நின்றேன், அதற்கும் 628-க்கும் என்ன சம்பந்தம்? கம்பு பிடித்ததே இல்லாதவர் பேசுகிறார்.

தேங்காய்ச்சில்: அப்போ மூச்சுப் பயிற்சி குங்ஃபூவா, இல்லையா?

காஞ்சிப்பல்லவன்: எந்தக் கால் முழங்கால்? போன தடவை தோள்பட்டை என்றீர்களே.

கம்புக்காரன்: சுருட்டைத்தாடி. சுருட்டைத்தாடி. சுருட்டைத்தாடி.