‘கரையாத அடர் திரவம்’ வேண்டாம்: டிஎன்ஏபிஎல்-க்கு ஒரு தமிழ்ச்சொல்

வணக்கம்.

நிலத்தடி நீர் மாசுக்கான சொற்பட்டியலில் ‘டிஎன்ஏபிஎல்’ (dense non-aqueous phase liquid, நீரோடு கலவாத, நீரைவிட அடர்த்தியான திரவம்) என்பதற்கு எதிரே ‘நீரில் கரையாத அடர் திரவம்’ என்று இருக்கிறது. இதை இப்படியே விடக் கூடாது. டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன் முதலிய கரைப்பான்களைத்தான் பெரும்பாலும் இந்தப் பெயரால் குறிக்கிறோம். உலோகப் பாகங்களில் பிசுக்கு எடுக்கவும் உலர்சலவைக்கும் பயன்படுபவை. இவை நீரோடு கலப்பதில்லை, ஆனால் சிறிதளவு கரையும். டிரைகுளோரோஎத்திலீன் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேலேயே கரையும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கு வைத்திருக்கும் உச்சவரம்போ லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். இரண்டுக்கும் நடுவே இரண்டு லட்சம் மடங்கு. ஒரு லிட்டர் கரைப்பான், அதாவது சுமார் 1.46 கிலோ, முழுக்கக் கரைந்தால் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். ‘கரையாத’ என்று போட்டால், அப்படியானால் கிணற்றுக்கு வராது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

‘கலவா’ என்பதே பொருந்தும். என் முன்மொழிவு: கலவாமூழ்கி.

—

மறுமொழி 1

‘கலவா’ சரி. ‘மூழ்கி’தான் இடிக்கிறது. ஆழ்துளை போடுகிற இடத்தில் மூழ்கி என்றாலே நீர்மூழ்கி மோட்டார்தான் நினைவுக்கு வரும். ‘மூன்றாம் கிணற்றில் மூழ்கி இருக்கிறது’ என்று அறிக்கையில் எழுதினால் யாரும் பதற மாட்டார்கள்.

‘அடர் எண்ணெய்’ என்று ஒரு யோசனை முன்பே வந்தது. அதுவும் வேண்டாம். சுத்தமான கரைப்பான் நிறமற்றது, நீரைவிட எளிதாக ஓடக்கூடியது. எண்ணெய்ப் படலத்தைத் தேடுகிறவர் கண்ணில் இது படவே படாது. அதனால்தான் மண் மாதிரியில் சிறிது நீரும் சூடான்-4 சாயமும் சேர்த்துக் குலுக்கிப் பார்க்கிறோம். கலவா நீர்மம் இருந்தால் அந்தத் துளிகள் சிவக்கும், நீர் சிவக்காது.

ஆனால் கீழே இறங்கும் குணம் சொல்லில் இருந்தே ஆகவேண்டும். துளையிடுபவருக்கு அதுதான் எச்சரிக்கை. இந்தத் திரவம் மணல் வழியே இறங்கிக் களிமண் படுகையின் மேல் குட்டையாகத் தேங்கும். பிறகு நீரோட்டத் திசையைப் பார்க்காமல், களிமண்ணின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகரும். அந்தக் களிமண்ணை ஒரே வீச்சில் துளைத்தால் குட்டை முழுவதும் அடுத்த நீர்த்தாங்கிக்குள் இறங்கிவிடும். துப்புரவு செய்ய வந்தவரே மாசை ஆழத்துக்கு அனுப்பிய கதையாகும். களிமண்ணின் தலைப்பில் நிறுத்தி, உறைக்குழாயைச் சற்றே உள்ளே பதித்து, சுற்றிலும் சிமென்டும் பென்டோனைட் களிமண்ணும் சேர்ந்த கலவை ஊற்றி, அது இறுகிய பிறகே சிறிய விட்டத்தில் கீழே தொடர வேண்டும். சந்தேகம் இருந்தால் துளைக்காமல் விடுவதே மேல்.

‘கலவா அமிழ்நீர்மம்’ எப்படி? பெட்ரோல், டீசல் வகைக்குக் ‘கலவா மிதநீர்மம்’ என்று இணையாக வைத்துக்கொள்ளலாம்.

—

மறுமொழி 2

அமிழ்நீர்மத்துக்கு என் வாக்கு. விளக்கக் குறிப்பில் ஒரு சதவீத வழக்கையும் சேர்க்க வேண்டும்: கிணற்று நீரில் ஒரு கரைப்பான் அதன் கரைதிறனில் ஒரு சதவீதத்தைத் தொட்டாலே, அருகில் அமிழ்நீர்மம் கிடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இது துப்புதான், சான்று ஆகாது. பெர்குளோரோஎத்திலீனின் கரைதிறன் டிரைகுளோரோஎத்திலீனைவிட மிகக் குறைவு என்பதால் அதற்கான எண்ணும் வேறு.

இதைவிட எனக்குக் கவலை ‘மீள்கசிவு’ என்ற பதிவு. இரண்டு வேறு சங்கதிகள் அதற்குள் ஒன்றாக அடைபட்டிருக்கின்றன. நீரை இறைத்துச் சுத்திகரிக்கும்போது செறிவு முதலில் சரசரவென்று விழும், பிறகு ஒரு மட்டத்தில் நீண்டு நிற்கும். பம்பை நிறுத்தியதும் மறுபடி ஏறும். இப்படிக் கண்ணுக்குத் தெரியும் விளைவை ‘மீளேற்றம்’ எனலாம். அதன் காரணங்களில் ஒன்று, பல ஆண்டுகளாகக் களிமண்ணுக்குள் புகுந்த கரைப்பான், வெளியே நீர் சுத்தமானதும் செறிவு வேறுபாட்டால் திரும்பி வருவது. அங்கே கசிவே இல்லை, நடப்பது விரவல் (diffusion). எனவே ‘மீள்விரவல்’. ‘ஊடுபரவல்’ என்று எழுதினால் பள்ளிப் பாடத்தின் சவ்வூடு பரவலோடு குழம்பும். மணல் துளைகளில் சிக்கிய எச்சத்துளிகள் கரைந்துகொண்டே இருப்பது இன்னொரு காரணம். அதற்கு இந்தச் சொல் செல்லாது.

பிரித்துச் சொல்வது ஏன் முக்கியம் என்றால், மருந்து வேறு. கரைப்பானை ஆக்சிஜனேற்றிச் சிதைக்கும் பெர்மாங்கனேட்டைச் செலுத்தினால் மணலில் உள்ளதைப் பிடிக்கும், களிமண்ணுக்குள் அதிகம் நுழையாது. கணக்குப்படி ஒரு கிலோ டிரைகுளோரோஎத்திலீனுக்கு 2.4 கிலோ பொட்டாசியம் பெர்மாங்கனேட் போதும். ஆனால் மண்ணின் கரிமப்பொருளும் அதைத் தின்னும், பல இடங்களில் மாசைவிட அதிகமாகவே. அந்தத் தேவையை மண் மாதிரியில் முன்கூட்டிச் சோதிக்காமல் அளவு போட்டால் பணம் மண்ணுக்குப் போகும். மாங்கனீஸ் டைஆக்சைடு பழுப்பாகப் படிந்து, துளிகளைச் சுற்றி மேலோடு கட்டுவதும் துளைகளை அடைப்பதும் உண்டு. நீரில் ஊதா நிறம் இருக்கும்போது மாதிரி எடுத்து ‘சுத்தமாகிவிட்டது’ என்று எழுதுவதில் அர்த்தமில்லை. நிறம் போய், மண்ணும் நீரும் சமநிலைக்கு வந்த பிறகு எடுக்க வேண்டும். 40 மில்லி குப்பியில், தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு குமிழிகூடத் தெரியாதபடி நிரப்ப வேண்டும்.

—

மறுமொழி 3

மீளேற்றம், மீள்விரவல் இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் போட்டுவிடலாம்.

உயிர்வழித் துப்புரவுப் பகுதியில் ‘வினை நிறுத்தம்’ என்று இருப்பதை ‘இடைத்தேக்கம்’ என மாற்றுங்கள். நிறுத்தம் என்றால் யாரோ வேண்டுமென்று நிறுத்தியது போலிருக்கிறது. நுண்ணுயிர்கள் ஒவ்வொன்றாகக் குளோரினைக் கழற்றிக்கொண்டு வந்து, இரண்டு குளோரின் மிஞ்சிய சிஸ்-டைகுளோரோஎத்திலீனில் தேங்கிப்போவதுதான் இது. குளோரினைக் கடைசிவரை கழற்றக்கூடிய டீஹாலோகாக்காய்டீஸ் என்ற பாக்டீரியா இல்லாவிட்டாலோ, அமிலத்தன்மை கூடி பிஹெச் 6-க்குக் கீழே போனாலோ அப்படி நடக்கும். அடுத்த படியில் தேங்கினால் இன்னும் மோசம்: அங்கே கிடைப்பது வினைல் குளோரைடு, குடிநீர் வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். ஆகவே ‘முழுச்சிதைவு’ என்ற பதிவின் விளக்கத்தில், தாய்ப்பொருள் குறைந்தது என்பது போதாது, குளோரின் முழுக்கக் கழன்ற எத்திலீனோ ஈத்தேனோ அளக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற வரி இருக்கட்டும்.