மூன்று லேப், ஒரே கிருமி, மூன்று அளவு: கூட்டாய்வுத் தரவை எப்படிச் சேர்ப்பது?

அகர்தட்டு:
வணக்கம். ஆன்டிபயாடிக் எதிர்ப்பு பற்றி மூன்று கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகள் சேர்ந்து ஒரு கூட்டாய்வு தொடங்குகிறோம். மாணவர்களே டிஸ்க் டிஃப்யூஷன் (கிருமி பூசிய தட்டில் மருந்து டிஸ்க்கை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வளையத்தின் விட்டத்தை அளக்கும் முறை) செய்து அளப்பார்கள், எல்லாம் ஒரே அட்டவணைக்கு வரும். முன்னோட்டமாக, தரக்கட்டுப்பாட்டுக்கான ஸ்ட்ரெயினான ஈ.கோலை ஏடிசிசி 25922-ஐ மூன்று இடத்திலும் வைத்துப் பார்த்தோம். ஜென்டமைசின் 10 மைக்ரோகிராம் டிஸ்க்குக்கு முதல் லேபில் 16 மி.மீ., இரண்டாவதில் 22, மூன்றாவதில் 28. டிஸ்க் எல்லாம் ஒரே லாட். லேபுக்கு லேப் ஒரு திருத்தக் காரணி போட்டுச் சமன் செய்யலாமா?

நுண்ணோக்கி:
கூடவே கூடாதுங்க. இந்த ஸ்ட்ரெயினுக்கு அமெரிக்க ஆய்வகத் தரநிலை அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. தரும் எல்லை 19–26 மி.மீ. இரண்டு லேப் எல்லைக்கு வெளியே நிற்கின்றன, அதுவும் எதிரெதிர்த் திசையில். காரணியால் பெருக்கினால் பிழை மறையும், போகாது.

அதே தட்டில் டெட்ராசைக்ளின் 30 மைக்ரோகிராம் டிஸ்க்கும் வையுங்கள் (எல்லை 18–25). ஜென்டமைசின் வளையம் சுருங்கி டெட்ராசைக்ளின் விரிந்தால் அகர் (தட்டில் ஊற்றும் வளர்ப்புக் கூழ்) அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது. முல்லர்-ஹின்டன் அகரின் பி.எச். 7.2–7.4 இருக்க வேண்டும். ஊற்றும்போது சரியாக இருந்தாலும், கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைத்தால் இறங்கிவிடும். இரண்டு வளையமும் சேர்ந்து சுருங்கினால் தட்டில் பூசும் கிருமிக் கலங்கல் அடர்ந்தது அல்லது அகர் தடித்தது. இரண்டும் விரிந்தால் கலங்கல் நீர்த்தது அல்லது அகர் மெல்லியது. ஒரே ஒரு மருந்து மட்டும் சுருங்கினால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குப்பியைத் திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும், பீட்டா-லாக்டம் (பென்சிலின் வகை) மருந்துகள் அதில்தான் கெடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

அகரின் தடிப்பு 4 மி.மீ. இருக்க வேண்டும். உள்விட்டம் 90 மி.மீ. தட்டென்றால் 25 மி.லி. கண்ணளவில் ஊற்றுவதுதான் பாதி லேப்களில் வினை. மேசை சாய்ந்திருந்தாலும் தட்டின் ஒரு பக்கம் மெலிந்துவிடும்.

கலங்கல் 0.5 மக்ஃபார்லேண்ட் (கலங்கலின் அடர்த்தியைச் சொல்லும் அளவுகோல்) இருக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழாயை நீங்களே செய்யலாம்: 1.175 சதவீத பேரியம் குளோரைடு டைஹைட்ரேட் கரைசல் 0.5 மி.லி., 1 சதவீத சல்ஃபூரிக் அமிலம் 99.5 மி.லி. 625 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.08–0.13-க்குள் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டுப் பார்க்கவும். வீழ்படிவு அடியில் தங்கினால் குழாய் தெளிவாகத் தெரியும், அதற்கு ஒப்பிட்டு மாணவர் நீர்த்த கலங்கலைத் தயாரித்துவிடுவார்.

தரவுப்பெட்டி:
மேலே சொன்னது லேப் பக்கம். அட்டவணைப் பக்கத்தில் ஒன்றை மட்டும் விடாப்பிடியாக வைத்துக்கொள்ளுங்கள்: மி.மீ. அளவை அப்படியே பதியுங்கள். எஸ் (மருந்து கேட்கும்), ஐ (இடைநிலை), ஆர் (எதிர்ப்பு) என்று மாற்றியதை மட்டும் பதிவது தற்கொலை முயற்சி. வெட்டுப்புள்ளிகள் (எத்தனை மி.மீ.க்கு எந்த எழுத்து என்ற எல்லைகள்) ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. 2019-இல் ஐரோப்பிய நெறிமுறை அமைப்பான யூகாஸ்ட் 'ஐ' என்ற எழுத்தின் பொருளையே மாற்றி, 'மருந்தின் அளவைக் கூட்டினால் கேட்கும்' என்று ஆக்கியது. மூல அளவு கையில் இருந்தால் பழைய தரவைப் புது விதியில் மீண்டும் ஓட்டலாம். எந்த நெறிமுறை, எந்த ஆண்டுப் பதிப்பு என்பதற்கு ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள். சி.எல்.எஸ்.ஐ., யூகாஸ்ட் இரண்டையும் கலக்காதீர்கள்.

மென்பொருளுக்கு ஹூநெட் போதும், இலவசம். பின்னால் நோயாளி மாதிரிகளுக்குப் போனால், ஒருவரிடமிருந்து ஒரே கிருமி பலமுறை வந்தால் முதலாவதை மட்டும் எண்ணுங்கள். 30 மாதிரிக்குக் குறைவான கிருமிக்குச் சதவீதம் போட வேண்டாம்.

இளநிலை_ஆசிரியை:
மாணவர் கையில் எந்தக் கிருமி என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மண்ணிலிருந்து புது ஆன்டிபயாடிக் தேடும் டைனி எர்த் திட்டத்தில், ஆபத்தான கிருமிகளின் சாதுவான உறவினர்களைத்தான் மாணவர்களிடம் கொடுக்கிறார்கள்: அசினெட்டோபாக்டர் பௌமனிக்குப் பதில் அசினெட்டோபாக்டர் பெய்லி, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்குப் பதில் எபிடெர்மிடிஸ். தெரியாத சுற்றுச்சூழல் மாதிரிகளுக்கு இரண்டாம் நிலைப் பாதுகாப்பு லேப் தேவை.

கற்பித்தலுக்கு ஒரு யோசனை. மூன்று கல்லூரிகளும் குறியீட்டு எண் மட்டும் ஒட்டிய கிருமிகளைப் பரிமாறிக்கொள்ளட்டும். தட்டின் பின்புறத்தைக் கறுப்புப் பரப்பின்மேல் பிடித்து, இரண்டு மாணவர் தனித்தனியே அளக்க வேண்டும், 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர். எதிர்ப்பு என்பது அளந்து தீர்மானிக்கும் விஷயம் என்று ஒரு பருவம் பாடம் நடத்திப் புரிய வைப்பதைவிட இது சீக்கிரம் புரியவைக்கும். கொலிஸ்டின் டிஸ்க்கைப் பட்டியலில் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த மூலக்கூறு பெரியது, அகரில் சரியாகப் பரவாது. அதற்கு பிராத் மைக்ரோடைல்யூஷன்தான் (மருந்தைப் படிப்படியாக நீர்த்த திரவ ஊடகத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது).

அகர்தட்டு:
மிக்க நன்றி. விசாரித்தேன்: முதல் லேபில் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர், மூன்றாவதில் 90 மி.மீ. தட்டுக்கு 15 மி.லி. இரண்டையும் திருத்திவிட்டு ஒருமுறை எல்லைக்குள் வந்தால் மாதிரிகளை ஆரம்பிக்கலாமா?

நுண்ணோக்கி:
15 மி.லி.க்கு இரண்டரை மி.மீ. கூட வராது, 28 வந்ததில் வியப்பில்லை. ஒருமுறை போதாதுங்க. தினம் மூன்று தனித்தனிக் கலங்கல் வீதம் ஐந்து நாள், மொத்தம் 15 அளவு. ஒன்றுக்கு மேல் வெளியே போகாவிட்டால் அதன்பின் வாரம் ஒருமுறை கட்டுப்பாட்டுச் சோதனை போதும். இரண்டோ மூன்றோ போனால் இன்னும் ஐந்து நாள். நான்கு போனால் அந்த லேப் மாதிரியைத் தொடாமல் காரணத்தைத் தேட வேண்டும்.