பர்மா தேக்கு மேசைக்கு விதவிதமான நாற்காலிகள்: பாலிஷை எப்படி ஒத்துப்போக வைப்பது?

தேவகோட்டை ஆச்சி:
பாகப்பிரிவினையில் எங்கள் பங்குக்குச் சாப்பாட்டு மேசை வந்தது, நாற்காலிகள் வேறு பங்காளிகளுக்குப் போய்விட்டன. மாமனாரின் அப்பா காலத்து பர்மா தேக்கு மேசை. நல்ல செம்பழுப்பு நிறம். ஆறு நாற்காலி தேற்றிவிட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் வெளிறிப்போன தேக்கு இரண்டு (பிரம்பு இருக்கை), கிட்டத்தட்ட கறுப்பாகவே இருக்கும் தோதகத்தி (ரோஸ்வுட்) இரண்டு, என்ன மரமென்றே தெரியாமல் பச்சை பெயிண்ட் பூசிய ஒன்று. ஆறாவது, வீட்டில் கிடந்த ரப்பர் மர நாற்காலி.

பாலிஷ்காரர், மேசை உட்பட எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு ஒரே நிறத்தில் பியூ (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கலாம் என்கிறார். மேசையில் கை வைக்க மனசு வரவில்லை. தேக்கு நாற்காலியின் அடிச்சட்டத்தில் வால்நட் ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) தடவிப் பார்த்தேன். திட்டுத் திட்டாகப் பிடித்தது, மேசைப் பக்கத்தில் வைத்தால் சாம்பல் அடித்த மாதிரி தெரிகிறது. என்ன செய்யலாம்?

ரம்பமும் உளியும்:
மேசையைத் தொடவே வேண்டாம் ஆச்சி. அதன் மேல் இப்போது என்ன பூச்சு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மேசைக் காலின் உட்பக்கத்தில், ஸ்பிரிட்டில் (பாலிஷுக்கு விற்கும் ஆல்கஹால்) நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்குமே அசையவில்லை என்றால் மெலமைனோ பியூவோ.

தேவகோட்டை ஆச்சி:
பஞ்சு அப்படியே ஒட்டிக்கொண்டது அண்ணே. டீ டிகாக்ஷன் நிறம்.

ரம்பமும் உளியும்:
அப்போ பிரெஞ்ச் பாலிஷ்தான். உங்கள் மேசையின் சிவப்பில் பாதி அரக்கு கொடுத்தது. வால்நட்டில் அந்தச் சிவப்பு கிடையாது, அதனால்தான் சாம்பல் தட்டுகிறது. திட்டு விழுந்ததற்குக் காரணம் பழைய பாலிஷ் மிச்சம், அல்லது தேக்கின் எண்ணெய்ப் பசை.

தேக்கு நாற்காலியை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு, நாரோட்டத்தின் போக்கிலேயே 120, 180, 240 என்று எண் ஏற ஏற நைசான உப்புத்தாள் போடுங்கள். குறுக்கே தேய்த்தால் பாலிஷ் ஏறியதும் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும். தின்னர் துணியால் துடைத்த கையோடு, மேசையைவிட ஒரு படி வெளிறலான செம்பழுப்பு ஸ்டெயின். மீதியை அரக்கு பார்த்துக்கொள்ளும். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் அடர்நிற அரக்குச் செதிலை ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, பஞ்சைத் துணியில் பொதிந்து மெல்லிசாக இழுங்கள். இழுக்கும்போது பாதியில் கையை நிறுத்தக் கூடாது, நிறுத்திய இடம் பிடித்துக்கொள்ளும்.

தோதகத்தியை வெளிறச் செய்ய முயலாதீர்கள். ஸ்பிரிட்டால் அழுக்கை எடுத்து ஒரு கை பாலிஷ், அவ்வளவுதான். இரண்டையும் மேசையின் இரு தலைமாட்டில் போட்டால், வேண்டுமென்றே செய்ததுபோல் எடுப்பாக இருக்கும். ஆறும் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும் என்பது ஷோரூம் புத்தி. மினுமினுப்பு ஒன்றாக இருந்தாலே கண் ஏற்றுக்கொள்ளும்.

ரப்பர் மரத்துக்குக் கம்பெனிப் பூச்சு இருக்கும். அதை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் ஸ்டெயின் உள்ளே இறங்காது.

மூணாம் மாடி:
நாற்காலிக்கு பிரெஞ்ச் பாலிஷா? கைப்பிடி வியர்வைக்கே போய்விடும். மேலே ஒரு கோட் பியூ கொடுத்துவிடலாமே.

ரம்பமும் உளியும்:
மெழுகு நீக்காத அரக்கின் மேல் பியூ நிற்காது தம்பி, தோல் தோலாக உரியும். பியூ வேண்டுமென்றால் மெழுகு நீக்கிய அரக்கு வாங்க வேண்டும். ஆனால் அரக்கு தேய்ந்தால் அந்த இடத்தில் மட்டும் திரும்ப இழுத்தால் போதும், கரைந்து ஒன்றாகிவிடும். அந்த வசதி பியூவில் கிடையாது.

கொத்தமங்கலத்தான்:
பச்சை நாற்காலியை மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். இங்கே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பெயிண்ட் ரிமூவர் தடவி, பொங்கியதும் தகடால் வழித்தெடுங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். பிரம்பு மாற்றுவதாக இருந்தால் பாலிஷ் முடிந்த பிறகு பின்னச் சொல்லுங்கள். அடைமழையில் பாலிஷ் போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், ஐப்பசி கார்த்திகை தாண்டட்டும்.

தேவகோட்டை ஆச்சி:
பச்சையை வழித்தாயிற்று. உள்ளே மஞ்சள் மரம்! ஆசாரி பலா என்கிறார். இதற்கும் அதே ஸ்டெயினா?

ரம்பமும் உளியும்:
பலா என்றால் ஸ்டெயின் வேண்டாம். வெளிச்சம் பட்டுப் பட்டு அதுவே பழுப்பேறும். இப்போது வெறும் அரக்கு இழுத்து, ஜன்னல் பக்கமாகப் போட்டு வையுங்கள். அப்புறம் ஒரு வேலை: உட்காரும் உயரத்தை அளந்து பாருங்கள். மேசை 75 செ.மீ. என்றால் இருக்கை 45 செ.மீ. இருக்க வேண்டும். கால் வெட்டவோ கட்டை கொடுக்கவோ வேண்டியிருந்தால் அதைப் பாலிஷுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.